எடுத்தால் வைக்காத அக்கா

நான் அக்காவை முதன்முதலில் கண்டபோது அவர் ஒரு சோபாவுக்குக் கீழே நின்றார். ஸ்காபரோவில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். அன்றைக்கு லிஃப்ற் வேலை செய்யவில்லை. வாடகைக்கு ஓர் அறை இருக்கிறதென்று கேள்விப்பட்டு, சூட்கேசையும் இழுத்துக்கொண்டு படியேறி வந்தேன். நாலாம் மாடித் திருப்பத்தில் மண்ணிறச் சோபா ஒன்று படியை அடைத்து நின்றது. மேல் முனையைப் பிடித்திருந்த மெலிந்த மனிதர் வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கீழ் முனையைத் தோளில் தாங்கியபடி, கோட்டுக்கு மேலே சால்வையை வரிந்து கட்டிய கட்டையான பெண்ணொருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“தம்பி, சூட்கேசை உதிலை விட்டிட்டு இஞ்சாலைப் பக்கம் பிடி.”

நான் யார், எங்கே போகிறேன் என்று ஒரு கேள்வி இல்லை. பிடித்தேன். ஐந்தாம் மாடிக்கு வந்ததும் மேலே நின்றவர், “இஞ்சரப்பா, ஒருக்கா வைச்சிட்டு எடுப்பமே?” என்று கெஞ்சினார்.

“வைக்கேலாது. வைச்சால் பேந்து எடுக்க மனம் வராது. எடுத்தாச்சு எல்லே, ஏறுங்கோ.”

ஆறாம் மாடியில் சோபாவை இறக்கிய பிறகுதான் நான் அறை பார்க்க வந்தவன் என்று சொல்ல முடிந்தது. “இனிப் பார்க்க என்ன கிடக்கு?” என்றார் அக்கா. “சோபாவும் தூக்கியாச்சு. இரு, தேத்தண்ணி போடுறன்.” அப்படித்தான் நான் அந்த வீட்டில் குடியேறினேன். யாரோ தெருவோரத்தில் கழித்துவிட்ட அந்தச் சோபாவுக்கு ஒரு கால் இல்லை என்பதை அடுத்த நாள்தான் கண்டுபிடித்தோம். அக்கா அதற்காக வருந்தவில்லை. எங்கிருந்தோ ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து முட்டுக்கொடுத்தார். நான் அந்த வீட்டைவிட்டுப் போகும்வரை அந்தச் செங்கல் அங்கேயேதான் இருந்தது.

அவருடைய பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. கட்டடத்திலிருந்த தமிழ்ச் சனம் முழுவதற்கும் அவர் அக்காதான், அவரைவிட மூத்தவர்களுக்கும் கூட. அவருடைய கணவரை நான் அத்தான் என்று கூப்பிட்டேன். அத்தானுக்கு பேக்கரியில் வேலை. வாய்திறந்து எதிர்த்துப் பழக்கமில்லாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அறைக் கதவைத் தட்டி, “தம்பி, அவ வெளிக்கிட்டிட்டா. எங்கையெண்டு கேளாதை, சப்பாத்தைப் போடு,” என்பார். நானும் போடுவேன்.

அக்கா ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் நின்றபடியே வேலை செய்துவிட்டு வருவார். வந்து கோட்டைக் கழற்றுவதற்கு முன்னரே வாசல் கூட்டத் தும்புக்கட்டையை எடுத்துவிடுவார். எங்கள் வாசலோடு நிற்காது அந்தக் கூட்டு. பக்கத்து வீட்டு வாசல், அதற்கடுத்தது என்று லிஃப்ற் வரைக்கும் போகும். “கட்டடம் பார்க்கிற சூப்பர் கூட்டுவான்தானே, அக்கா,” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “அவன் கூட்டட்டும். இது நான் எடுத்தது,” என்றார்.

இந்தச் சும்மா இருக்காத கையால்தான் கிமி அன்ரி எங்களுக்குக் கிடைத்தார்.

கட்டடத்தை ஒட்டியிருந்த சின்ன வீட்டில் தனியே இருந்த யப்பானிய அம்மா அவர். எழுபதைத் தாண்டியவர், கனடாவிலேயே பிறந்தவர். அவருடைய முன்வளவில் ஒரு பெரிய மேப்பிள் மரம் நின்றது. ஒக்டோபரில் அது அடியிலிருந்து நுனிவரை சிவந்து, பிறகு ஒரு கிழமைக்குள் எல்லாவற்றையும் கீழே கொட்டிவிடும். ஒரு சனிக்கிழமை, பல்கனியில் நின்று பார்த்த அக்காவுக்கு ஒரு காட்சி தென்பட்டது. கிமி அன்ரி வளவு முழுவதையும் வாரிப் பைகளில் கட்டிவிட்டு, மேப்பிள் மரத்தின் கீழ் மட்டும் அப்படியே விட்டுவிட்டு உள்ளே போகிறார்.

“பாவம், மனிசிக்கு ஏலாமல் போட்டுது. தம்பி, குப்பைப் பையை எடுத்துக்கொண்டு வா.”

வேலியில் சாத்தியிருந்த றேக்கை எடுத்து அக்கா வாரத் தொடங்கினார். நான் பையைப் பிடித்தேன். மரத்தைச் சுற்றி ஓர் இலைகூட மிச்சமில்லை. ஒட்டிக்கிடந்ததைக் குனிந்து கையால் பொறுக்கினார். கோயில் வீதியைக் கூட்டினமாதிரி நிலம் பளிச்சென்று கிடந்தது.

அப்போது கதவு திறந்தது. கிமி அன்ரி ஒரு கையில் தேநீர்க் கோப்பையும் மறுகையில் மடக்குக் கதிரையுமாக வந்தார். நிலத்தைப் பார்த்தார். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “பினிஷ்!” என்றார். அன்ரி மிகவும் மரியாதையாக நன்றி சொன்னார். பிறகு கதிரையை விரித்து, அந்த வெறும் நிலத்துக்கு முன்னால் உட்கார்ந்து தேநீரைக் குடித்தார்.

எனக்கு ஏதோ பிழைத்துவிட்டதென்று விளங்கியது. மெல்ல ஆங்கிலத்தில் கேட்டேன். சொல்ல விரும்பாமல்தான் சொன்னார். அந்த மரத்தின் கீழ் விழுவதை அவர் வாருவதில்லையாம். பனி வந்து மூடும்வரை தினமும் வந்து இருந்து பார்ப்பாராம். அவருடைய பெற்றோரின் நாட்டில் சனங்கள் இதற்கென்றே ரயிலேறிப் போவார்களாம்.

நான் தமிழில் சொன்னதும் அக்காவின் முகம் சுருங்கிப்போயிற்று. “உதை மனிசி முதலே சொல்லக்கூடாதோ?” என்றார். அடுத்த நிமிடம் பைகளின் முடிச்சை அவிழ்த்துவிட்டார். கொட்டினால் குவியலாகத்தான் விழுந்தது. கை கையாக அள்ளி விசிறினார். தள்ளிநின்று பார்த்தார். “வேலிப்பக்கம் கொஞ்சம் ஐதாக் கிடந்தது, என்ன?” என்று என்னைக் கேட்டார். அங்கேயிருந்து இங்கே மாற்றினார். அன்ரி எழும்பி வந்து போதும் போதும் என்று கையைப் பிடித்தார். அக்கா அந்தக் கையை விலக்கிவிட்டு அடுத்த பையை அவிழ்த்தார். மத்தியானமாயிற்று. கடைசியில் அன்ரி சிரிக்கத் தொடங்கினார். தேநீர் மடியில் சிந்தும்வரை சிரித்தார். உள்ளே போய் இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார்.

அக்கா உட்கார்ந்து இலைகளைப் பார்த்தார். எனக்குத் தெரிய அவர் முதன்முதலாகச் சும்மா இருந்தது அன்றைக்குத்தான். அதுவும் கொஞ்ச நேரம்தான்.

அதற்குப் பிறகு இலை பார்ப்பது எங்கள் வீட்டில் சட்டமாயிற்று. வருடத்தில் ஒரு ஞாயிறு புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு, பஸ் மாறி மாறி ரூஜ் காட்டுப் பக்கம் போவோம். கட்டடத்தில் எங்களைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. அத்தானே முணுமுணுப்பார்: “ஊரிலை கூட்டி எரிச்ச சருகை இஞ்சை பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிறம்.” ஒரு வருடம் சரியான மழை. அடுத்த கிழமை போவோம் என்றேன். “அடுத்த கிழமை வரைக்கும் இலை உன்னைப் பார்த்துக்கொண்டு நிக்குமோ? வெளிக்கிடு!” என்றார். தொப்பலாக நனைந்துகொண்டு போனோம். நனைந்த இலைக்கு அவ்வளவு சிவப்பு வருமென்று எனக்கு அன்றைக்குவரை தெரியாது. ஆற்றின் அக்கரை முழுவதும் அடுப்புத் தணல்போல் கிடந்தது. அத்தான்கூடச் சம்பலைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஏனோ அழுகை வந்தது. மழையென்றபடியால் ஒருவருக்கும் தெரியவில்லை.

இலையுதிர் காலத்தில் கிமி அன்ரியின் ஆட்கள் ஒரு திருவிழா வைப்பார்கள். அறுவடை முடிந்ததும் சாமி கோயிலைவிட்டு வெளியே வந்து ஊரைச் சுற்றுவது அவர்கள் வழக்கம். இங்கே கோயில் இல்லை. மூன்று தெரு தள்ளி ஒரு மண்டபமும் அதன் பின்னால் ஒரு பூங்காவும்தான். மரத்தால் செய்து, கறுப்புப் பூசி, பொன்னிறத் தகடு அடித்த, சாமியை வைக்கும் ஒரு கூடு இருந்தது. மிகோஷி என்பார்கள். வளை என்னும் இரண்டு நீண்ட மரத்தடிகளில் வைத்துத் தோளில் தூக்கி, மேப்பிள் மரங்களுக்குக் கீழே பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். அந்தக் கூட்டைச் செய்தவர்களில் கிமி அன்ரியின் கணவரும் ஒருவர். உலகப் போர்க்காலத்தில் கனடாவின் மேற்குக் கரையிலிருந்து அவர்களையெல்லாம் எழுப்பி அனுப்பியபோது வீடும் மீன்பிடிப் படகும் போயிற்றாம். கையில் தூக்கக்கூடியதை மட்டும் கொண்டுபோக விட்டார்களாம். அன்ரி இதைச் சொன்ன நாளில் அக்கா விடுவிடென்று வீட்டுக்கு நடந்தார். லிஃப்றுக்குள் ஏறியபிறகு, “நாங்களும் அப்பிடித்தானே,” என்றார்.

நாங்கள் பழகிய மூன்றாம் வருடம் கிமி அன்ரி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வாக்கரைப் பிடித்துக் கதவுவரைதான் நடக்கலாம். அந்த முறை திருவிழாவுக்குப் போக முடியாது. நாங்கள் சூப் கொண்டுபோன ஒரு மாலை மண்டபத் தலைவர் வந்திருந்தார். ஓய்வுபெற்ற பல்வைத்தியர், மெல்லிய குரல். தூக்க ஆட்கள் இல்லை, வயதானவர்களுக்குத் தோள் இல்லை, ஆறு பேர்தான் தேறுகிறார்கள், பன்னிரண்டு பேர் வேண்டும். ஆகவே இந்த வருடம் கூட்டை ஒரு பிக்கப்பில் கட்டிப் பூங்காவைச் சுற்றப் போகிறோம் என்றார். அன்ரி சிரித்துக்கொண்டு, அதுதான் புத்தி என்றார்.

வெளியே வந்ததும் அக்கா படியில் நின்றுவிட்டார். “மனிசி சிரிச்சது. கண்ணைப் பார்த்தனியே?” என்றார். அப்படியே திரும்பி உள்ளே போனார். தன்னிடமிருந்த தொழிற்சாலை ஆங்கிலத்தில் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்: நாங்கள் தூக்குகிறோம். தோளில்தான் வரும். இந்த வாசலுக்கு வரும்.

வீட்டில் அத்தானால் பொறுக்க முடியவில்லை. “எங்கடை தேரும் சில்லிலைதானே ஓடுது? பிக்கப்பிலை போனா என்ன குறைஞ்சு போகும்?”

“தேர் சாமிக்கெண்டு செய்தது. பிக்கப் சீமெந்து ஏத்தச் செய்தது.”

“சரி, அந்தாள் பூங்காவுக்கு மட்டும்தான் அனுமதியெண்டு சொன்னவர். நீ தெருவிலை கொண்டுபோகப் போறியோ?”

“தெருவிலை ஆர் போறது? நடைபாதையிலை போவம்.”

மறுநாள் வேலையால் வந்தவர் ஒரு நூலை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய், கூட்டின் அகலத்தை அளந்து முடிச்சுப் போட்டார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு மூன்று தெருவும் நடந்தார். தீயணைப்புக் குழாய் நிற்கும் ஓர் இடத்தில் மட்டும் நூல் இடித்தது. “அதிலை தலைக்கு மேலை உயர்த்தினால் சரி,” என்றார். ஆட்களையும் அவரே பிடித்தார். நான், அத்தான், கட்டடத்தில் நாலு பேர். ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை. சொல்லித் தப்பலாமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒத்திகையன்று மண்டபத்து வாகனத் தரிப்பிடத்தில் எங்கள் மானம் போயிற்று. முன்னுக்கு அவர்கள் ஆறு பேர், பின்னுக்கு நாங்கள். தூக்கியாயிற்று. அவர்கள் வழக்கம் கூட்டை மேலும் கீழும் குலுக்குவது. நன்றாகக் குலுக்கினால்தான் சாமிக்குச் சந்தோஷமாம். இதை அவர்கள் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டுமென்று தோன்றியிராது. எங்களுக்கோ சாமி தோளில் ஏறியவுடனே கால் தன்பாட்டில் ஊர் நடையைப் பிடித்தது. இடமும் வலமுமாக, கோயில் வாகனத்தில் சாமியை ஆட்டுவதுபோல் ஆட்டத் தொடங்கினோம். முன்பாதி குதிக்கிறது, பின்பாதி ஆடுகிறது. கூடு ஒருபக்கம் சரிந்து, உச்சியிலிருந்த பொன்னிறப் பறவை கழன்று நிலத்தில் விழுந்தது. அத்தான் பழக்கதோஷத்தில் “அரோகரா!” என்றார்.

தலைவர் பறவையைப் பொறுக்கித் துடைத்தார். கோபிக்கவில்லை. கவலையோடு, பிக்கப்தான் நல்லது என்றார்.

“ஒரு கிழமை தாங்கோ,” என்றார் அக்கா.

“அக்கா, விடுங்கோவன்,” என்றேன் நான். “அவையளின்ரை சாமி. உடைஞ்சால் ஆர் பதில் சொல்லுறது?”

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. “அவையளின்ரை சாமிதான். அதுதான் அவையள் தூக்கிறமாதிரித் தூக்கோணும். தம்பி, நான் இடைவழியிலை வைச்சிட்டு வந்தது போதும். இதை வைக்கமாட்டன்.”

எதை வைத்துவிட்டு வந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாத காலம் அது. கட்டடத்தில் எல்லோரும் எதையோ யாரையோ அங்கே விட்டுவிட்டு வந்தவர்கள்தான்.

அந்தக் கிழமை முழுவதும் சூப்பரின் அலுமினிய ஏணியில் அரிசி மூட்டைகளைக் கட்டி, வேலையால் வந்த கையோடு கட்டடத்துக்குக் கீழே நின்று குலுக்கப் பழகினோம். அக்கா முன்னே நின்று கைதட்டி, “மேலை! கீழை! ஆடாதை, ஆடாதை!” என்று கத்துவார். பல்கனிகளில் சனம் நிறைந்துவிட்டது. “என்னடா, அரிசிக்குத் திருவிழாவோ?” என்று மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர் கேட்டார். அக்கா நிமிர்ந்து, “ஓம், பிரசாதம் வேணுமெண்டால் இறங்கி வந்து தோள் குடுங்கோ,” என்றார்.

திருவிழாவன்று வெயில் எறித்தது. எங்கள் ஆறு பேரில் ஒருவர் வரவில்லை, வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிக்கப் அங்கேதான் நின்றது. அக்கா கோட்டைக் கழற்றி என்னிடம் எறிந்தார்.

“இஞ்சரப்பா, பொம்பிளையள் சாமி தூக்கிறேல்லை,” என்றார் அத்தான், மிகவும் தாழ்ந்த குரலில்.

“எங்கடை ஊரிலை. இவையளின்ரை பொம்பிளையள் தூக்கலாமாம். முதலே கேட்டு வைச்சிட்டன்.”

அப்போது இன்னொரு சங்கடம் தெரிந்தது. அக்கா கட்டை. வளை அவருடைய தோளுக்கு மேலே நின்றது. அவர் அதையும் யோசித்துத்தான் வந்திருக்கிறார். பையிலிருந்து கட்டிலில் விரிக்கும் பெற்சீற் ஒன்றை எடுத்து மடித்து மடித்துத் தடித்த சும்மாடாக்கித் தோளில் வைத்தார். வளை அதில் வந்து அமர்ந்தது. பூங்காவைச் சுற்றினோம். அவர்கள் “வாஷோய்! வாஷோய்!” என்றார்கள், நாங்களும் அதையே சொல்லிக் குலுக்கினோம். கூடு ஒழுங்காகத் துள்ளியது. சரியவில்லை. பிறகு தலைவர் தானே முன்னே நடந்து எங்களை நடைபாதைக்குத் திருப்பினார்.

இரண்டாம் தெருவில் எல்லோருக்கும் தோள் அறுந்தது. இறக்கி வைக்க மரக்கால்களைத் தூக்கிக்கொண்டு இருவர் பின்னால் வந்தார்கள். தலைவர் கையை உயர்த்தி, இளைப்பாறலாம் என்றார். வளைக்குக் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது: “நோ டவுன்!” முன்னுக்கு நின்ற யப்பானிய மனிதர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். ஒருவரும் இறக்கவில்லை. தீயணைப்புக் குழாயடியில் எல்லோரும் கைகளை நீட்டித் தலைக்கு மேலே உயர்த்தினோம். அக்காவுக்கு எட்டவில்லை. அந்தச் சில அடி தூரம் மட்டும் வெறுங்கையை உயர்த்திக்கொண்டு எங்களோடு நடந்தார்.

கிமி அன்ரியின் வாசலில் ஒரு நிறைகுடம் இருந்தது. விடியவே வந்து அக்கா வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கோலம் போட்ட பலகையில் பித்தளைச் செம்பு, தேங்காய். தமிழ்க் கடையில் மாவிலை கிடைக்கவில்லையென்று தேங்காயைச் சுற்றி மேப்பிள் இலைகளைச் செருகியிருந்தார். மரத்தின் கீழே, வாராத இலைகளுக்கு நடுவே, கம்பளியைப் போர்த்தி அன்ரியைக் கதிரையில் கொண்டுவந்து இருத்தியிருந்தார்கள், வாக்கர் பக்கத்தில் நின்றது.

இலைமேல் கால் வைக்கத் தயங்கினோம். அவர் வா வா என்று கையசைத்தார். உள்ளே போனோம். குலுக்கினோம். முன்னுக்கு “வாஷோய்” என்றார்கள், பின்னுக்கு அத்தான் தொடங்க நாங்கள் எல்லோரும் “அரோகரா” என்றோம். இந்த முறை இரண்டும் ஒரே தாளத்தில் விழுந்தன. கிமி அன்ரி வாக்கரைப் பிடித்து எழும்பி, அதை விட்டுவிட்டு நின்று, இரண்டு தரம் கைதட்டி, தலைகுனிந்து கும்பிட்டார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் ஈரம். “இது எங்கள் வீட்டு வாசலுக்கு ஒருநாளும் வந்ததில்லை,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். “அவர் இருந்தபோதும் வந்ததில்லை.” நான் அதைத் தமிழில் சொன்னேன். வளைக்குக் கீழே நின்ற அக்கா மூக்கை உறிஞ்சினார்.

மறுநாள் காலை அக்காவின் வலது தோள் வீங்கிக் கறுத்திருந்தது. அத்தான் எண்ணெய் சூடாக்க அடுப்படிக்குப் போன இடைவெளியில் ஆளைக் காணவில்லை. பல்கனியால் எட்டிப் பார்த்தேன். இடது கையில் றேக்குடன் அன்ரியின் வளவில் நின்றார். நான் இறங்கி ஓடினேன்.

இலையெல்லாம் எங்கள் சப்பாத்துக் கால்களில் மிதிபட்டுச் சேறோடு அப்பிக் கிடந்தது. “பாரன், மனிசியின்ரை இலையை என்ன செய்து வைச்சிருக்கிறம்,” என்றார். வேலியோரத்தில் பக்கத்து வீட்டு இலைப் பைகள் மூன்று தயாராக நின்றன. பழையதை வாரிவிட்டுப் புதியதை விசிறுவதாகத் திட்டம். பாதி வளவு ஏற்கெனவே வாரியாகிவிட்டது.

கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது. கிமி அன்ரி யன்னலைத் திறந்தார். இலையைக் காட்டி, மிதிபட்ட தடங்களைக் காட்டி, மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“விடட்டாம், அக்கா,” என்றேன். “இந்த முறை இப்பிடியே பார்க்கப் போறாவாம்.”

அக்கா றேக்கைப் பிடித்தபடி நின்றார். வாரிய பாதியைப் பார்த்தார். வாராத பாதியைப் பார்த்தார். கை ஒருமுறை முன்னுக்குப் போய் நின்றது. பிறகு றேக்கை வேலியில் சாத்தி வைத்தார். மடக்குக் கதிரையை விரித்து உட்கார்ந்தார். பல்கனியில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்ற அத்தான் என்னைப் பார்த்து, “வைச்சிட்டாவோ?” என்று கையால் கேட்டார்.

ஓம் என்று தலையாட்டினேன்.